ராஜா செத்த வெள்ளிக்கிழமை

செய்தித்தாளில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு கட்டம் போடுகிறார்களே, நீங்களும் அதைப் படிக்கிறீர்களா? நான் தினமும் படிக்கிறேன். படித்துவிட்டு தினமும் எரிச்சல்படுகிறேன். இந்த நாளில் இன்னார் பிறந்தார், இன்னார் காலமானார், இன்ன தேசத்தில் சண்டை ஓய்ந்தது என்று ஒரு தேதிக்குள் அத்தனையையும் அடைத்து வைக்கிறார்கள். அந்தச் சேதி யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? இதைச் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். “பேப்பரோட எதுக்கு அத்தை சண்டை, காப்பியைக் குடிங்க” என்கிறாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை கிடையாது. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லலாம். உங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாய்க்கு வந்தபடி போட்டுக் கொடுத்ததுதானே?

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர். மேலே வர ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். காலையில் கீழே இறங்கினால் அடிவாரத்துச் சந்தைக்கு வெயில் ஏறும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஏறி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்பாதான் ஊர்க்கவுண்டர். கல்யாணம், சாவு, வேலித் தகராறு, சர்க்கார் உத்தரவு எல்லாவற்றுக்கும் அவர் வாயிலிருந்துதான் வார்த்தை வரவேண்டும். அந்த வார்த்தை வந்துவிட்டால் பிறகு திரும்பிப் போகாது. அதுதான் அவருடைய பெருமை. எங்களுக்கு வந்த வினையும் அதுதான்.

தை மாதம். சாமை அறுத்து அடித்தாகிவிட்டது. மிளகுக்கொடியில் காய் பழுக்க ஆரம்பித்திருந்தது. வாசலெல்லாம் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருப்பார்கள். அதைக் காலால் துழாவிவிடுவது என் வேலை. பாதம் எரியும், கண்ணில் கை பட்டால் அன்றைக்கு முழுதும் அழுகைதான். பகல் பத்து மணி வரை பனி இறங்கிக் கிடக்கும். எதிரே வருகிறவரை இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம்.

ஊருக்கு நடுவில் ஒரு கூரைக் கொட்டகை இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். வாத்தியார் கீழ்நாட்டுக்காரர். மலைக்காய்ச்சல் அவரை விடவே இல்லை. மாதத்தில் பாதி நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார், மீதி நாளில் எங்களை நடுங்கவைப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கணக்குக் காட்ட இத்தனை தலை வேண்டும் என்று அவர் கெஞ்சியதால்தான் பெண்பிள்ளையான என்னையும் அப்பா அனுப்பினார். கொட்டகையின் மூங்கில் தூணில் ஒரு காலண்டர் தொங்கும். நாளுக்கு ஒரு தாள். கிழிக்கிற உரிமை வாத்தியாருக்கு மட்டுமே. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் தேதியும் படுத்துவிடும். எழுந்து வந்த அன்று ஐந்தாறு தாளைச் சேர்த்துக் கிழிப்பார். அந்தத் தாள்களுக்காக நாங்கள் அடித்துக்கொள்வோம். நானும் ஒருத்தனின் காதைக் கடித்திருக்கிறேன்.

தேதி என்பது அந்தக் கொட்டகைக்குள் மட்டும் இருந்தது. வெளியே வந்தால் கிழமை உண்டு, சந்தை நாள் உண்டு, அமாவாசை உண்டு. மற்றபடி நாளுக்கு அடையாளம், அன்று என்ன நடந்தது என்பதுதான். எருமை பள்ளத்தில் விழுந்த அன்று, பலாமரம் சாய்ந்த அன்று, இப்படி. இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்த நாள் என்பது சேதி வந்து காதில் விழுந்த நாள். என் பெரியம்மா ஒருத்தி அதே மலையில் குண்டனி நாட்டில் இறந்துபோனாள். பனியும் மழையுமாக இருந்ததால் எங்களுக்குச் சேதி வர ஐந்து நாள் ஆயிற்று. அம்மா அந்த ஐந்தாம் நாளில்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், தலைமுழுகினாள், தீட்டை அன்றிலிருந்து எண்ணினாள். வருஷா வருஷம் சோறு படைத்ததும் அதே நாளில்தான். குண்டனிக்காரர்கள் ஐந்து நாள் முன்பே படைத்துவிடுவார்கள். எது சரி என்று யாரும் கேட்டதில்லை. சேதி வரும்வரை அம்மாவுக்கு அக்காள் உயிரோடுதான் இருந்தாள், அவ்வளவுதான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அம்மாவைப் பெற்றவர், என் அப்புச்சி, நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தார். அவருடைய ஒரே மகன் என் மாமா. என் அக்காவை அவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அக்கா நிறைமாதம். வியாழக்கிழமை மாமா காட்டோரத்தில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தபோது, அப்புச்சிக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று ஆள் போயிற்று. மாமா கோடாலியை அடிமரத்தில் கொத்தியபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். வெள்ளி விடிகாலையில் அப்புச்சி போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு ஊரில் ஒருவர் உட்காரவில்லை. மாமாதான் குழி வெட்டினார். மகன் முதல் வெட்டு வெட்டினால் போதும், மற்றவர்கள் வெட்டுவார்கள். அவர் மண்வெட்டியை யாருக்கும் தரவில்லை. இடுப்பளவு இறங்கி, முகமெல்லாம் செம்மண்ணாக வெட்டிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் மிளகு வாங்கும் ராவுத்தர் மூச்சு வாங்க மேலே ஏறிவந்தார். அடிவாரத்து ஊர்க்காரர், வருஷா வருஷம் தையில் வருவார், எங்களுக்குக் கற்கண்டு கொண்டுவருவார். சாவு வீடு என்று தெரிந்ததும் சுமையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் வந்தார்.

“ஏனுங்க கவுண்டரே, உங்க ஊட்டுல இப்படி ஆயிருச்சா? கீழயும் துக்கந்தானுங்க. ராசா செத்துப்போயிட்டாரு. கடையெல்லாம் சாத்திக் கெடக்குது.”

“எந்த ராசாங்க?”

“வெள்ளக்கார ராசாங்க. சீமையில இருக்கறவரு. காசுல தலை போட்டிருக்குமே, அவருதானுங்க.”

அப்பா தலைப்பாகையைக் கழற்றினார். மாமனார் செத்ததற்கே கழற்றியிருந்தார். நடுவில் பனிக்காக மறுபடி கட்டியிருந்தார். சர்க்கார் சேதி என்றால் தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்லவேண்டியது அவர் கடமை. ஆகவே அப்புச்சிக்கு அடித்த பறை அடங்கியதும் ராஜாவுக்கு ஒரு முறை தமுக்கு அடித்தார்கள். பெண்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் ராஜாவுக்கும் சேர்த்து அழுகை நன்றாகவே அமைந்தது. ராவுத்தரும் குழியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு, மிளகுப் பேச்சே எடுக்காமல் இறங்கிப்போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவுக்கு வலி கண்டது. அம்மா தன் அப்பன் போன அழுகையோடு மகளுக்கு வெந்நீர் போட்டாள். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு ஆண்குழந்தை. மாமா மண் கழுவாத கையோடு வாசலில் நின்றார். “கையைக் கழுவிப்போட்டு வா சாமி” என்று அம்மா விரட்டினாள். அவர் கழுவினார், மறுபடி கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டார். அதற்குமேல் தொடப் பயம்.

ஒரே நாளில் இவ்வளவும் நடந்தது. நாங்கள் அதை ராஜா செத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லத் தொடங்கினோம்.

ஐந்து நாள் கழித்துக் காட்டு இலாகா கார்டு வந்தான், கூட இரண்டு பேர். மாமாவின் கோடாலி அவன் கையில் இருந்தது. காட்டோரத்தில் ஒரு சந்தனமரத்தை யாரோ வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் இந்தக் கோடாலி கிடந்ததாம். வெள்ளிக்கிழமை பகலில் மாமா அங்கிருந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்ததாகவும் கார்டு சொன்னான். அவனுடைய நோட்டில் தேதியும் நேரமும் மையால் எழுதியிருந்தது. மரத்தை வெட்டினது யார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. ஓடினதாக அவன் பார்த்தது யாரை என்றும் தெரியாது. யாரையும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா கீழே போய் ஜாமீன் எழுதிக்கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். மாசி முடிவில் கேஸ் என்றார்கள்.

அப்பா வக்கீல் ஒருவரைப் பிடித்திருந்தார். கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் நின்றபடியே பேசுகிற வக்கீல். ‘குழி வெட்டியது வெள்ளிக்கிழமை என்று வெறுமனே சொன்னால் எடுபடாது, அது வெள்ளிக்கிழமைதான் என்பதற்கு அசைக்கமுடியாத அடையாளம் ஏதாவது வேண்டும்’ என்று அவர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எங்கள் வீட்டில் சாட்சி சொல்லப் போகிற ஏழு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“ராசா செத்த அன்னிக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்? ராசா பேரைச் சொன்னா சர்க்காரு எந்திரிச்சு நிக்கும்” என்றார் அப்பா.

அந்த வாரம் மறுபடி வந்திருந்த ராவுத்தர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். “நானும் வந்து சொல்லட்டுங்களா கவுண்டரே? அன்னிக்கு நானும் மண்ணுப் போட்டனே. வெள்ளிக்கெழமை தொழுகையை உட்டுப்போட்டு மலையேறுனது எனக்கு நல்லா நெனைப்பிருக்குதுங்க” என்றார்.

“ராசாவே சாட்சி இருக்கறாரு, நீங்க எதுக்குங்க பாவம், பொழப்பைக் கெடுத்துக்கிட்டு?”

இன்றைக்கு அந்த இடத்தை நினைத்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து முற்றத்துக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். ஒரு அந்நிய மனுஷன், எந்த ஆதாயமும் இல்லாதவன், தேடிவந்து சாட்சி சொல்கிறேன் என்கிறான். அவனைப் போய் வேண்டாம் என்றோம்.

அப்பாவை மட்டும் சொல்லிப் புண்ணியம் இல்லை. எனக்கும் ஒன்று தெரியும். ராஜா செத்தது வெள்ளிக்கிழமை அல்ல. வாத்தியார் மாசி முதல் வாரத்தில் கீழே போய்வந்தபோது கறுப்புக் கட்டம் போட்ட செய்தித்தாள் ஒன்று கொண்டுவந்தார். அதை எங்களுக்கு விரித்துக் காட்டி, காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, “இந்த நாள். மறக்கக்கூடாது. பரீட்சையில் கேட்பேன்” என்றார். பரீட்சை வைப்பதற்குள் காய்ச்சல் முற்றிக் கீழே போனவர் திரும்பவே இல்லை. ஆனால் நான் மறக்கவில்லை. கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

“அப்பா, ராசா செத்தது செவ்வாக்கெழமைங்களாமா. வாத்தியாரு பேப்பர்ல காட்டுனாருங்க.”

“அது கீழ செத்தது.”

“ஒரு ஆளு ஒருக்காத்தானுங்களே சாவாங்க?”

வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். “நம்ம ஊருல தமுக்கு அடிச்சது என்னிக்கு? வெள்ளிக்கெழமை. அப்ப வெள்ளிக்கெழமைதான். இன்னொருக்கா வாயத் தொறந்தீனா உன்னையக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டேன், இங்கயே கெட.”

என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கீழே போனால் பஸ் பார்க்கலாம். அதில் ஏறி உட்காரவும் செய்யலாம். மாடு இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பற்றி ராவுத்தர் சொன்னதிலிருந்து எனக்கு வேறு கனவே கிடையாது. வாயை மூடிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். சொல்லுங்கள். நானும் எத்தனையோ வருஷமாக அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

பஸ் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் நாற்றத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அப்படியும் இறங்க மனசில்லை.

கோர்ட்டில் நான் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் அப்பா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலம். முதல் சாட்சி அப்பாதான். சத்தியம் வாங்கினார்கள். அப்புச்சியை அடக்கம் செய்த அன்று என்ன கிழமை என்று கேட்டார்கள்.

“வெள்ளிக்கெழமைங்க.”

“எப்படி ஞாபகம்?”

அப்பா நிமிர்ந்து நின்றார். “ராசா செத்த நாளுங்க, சாமி. நான்தானுங்க ஊருக்குத் தமுக்கு அடிக்கச் சொன்னேன்.”

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார். “சக்கரவர்த்தி காலமானது செவ்வாய்க்கிழமை. ஊர் உலகத்துக்கே தெரியும்.”

“அது கீழ இருக்கலாமுங்க. எங்க மலையில வெள்ளிக்கெழமைதானுங்க செத்தாரு.”

கோர்ட்டே சிரித்தது. டவாலி போட்ட சேவகன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்கள் வக்கீல் அவசரமாக எழுந்து, “சேதி வந்ததைச் சொல்கிறார்” என்றார். மாஜிஸ்திரேட் அப்பாவிடமே கேட்டார். அப்போதாவது ஆமாம் என்றிருக்கலாம். “சேதி வந்ததும் செத்ததும் ஒண்ணுதானுங்களே” என்றார் அப்பா. அவருக்கு அது ஒன்றுதான். தவிர, நாலு பேர் சிரித்தபிறகு ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல அவரால் முடியாது.

அடுத்து வந்த ஆறு பேரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் ராஜா செத்த நாள் என்று சொல்லச் சொல்ல, நான் கடலையை வாயில் போட்டுக்கொண்டே இருந்தேன். மாமா கூண்டில் நின்றுகொண்டு, பேசுகிறவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தம் ஆட்கள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று நம்பினார் என்றே நினைக்கிறேன். வாத்தியார் காட்டிய தாள் என் கண்முன் நின்றது. ஜன்னல் வழியாகக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் நிறையக் கடலை.

“ஒரே நாளில் அப்பன் சாவு, பிள்ளைப் பிறப்பு, அதற்கு மேல் ராஜாவும்! ஒரு நாளுக்கு இத்தனை தாங்குமா?” என்று மாஜிஸ்திரேட் சிரிக்காமல் கேட்டார். பிறகு இங்கிலீஷில் எழுதியதை வாசித்தார். வக்கீல் புளியமரத்தடியில் அதன் அர்த்தத்தைச் சொன்னார். ராஜா செத்த நாளே தெரியாதவர்கள் சொல்கிற வெள்ளிக்கிழமை எந்த வெள்ளிக்கிழமையோ. கார்டின் நோட்டில் தேதி இருக்கிறது. ஆறு மாதம்.

மாமாவைக் கூட்டிப்போகும்போது அவர் திரும்பி என்னைத் தேடினார். “அக்காளைப் பாத்துக்க கண்ணு. பையனைக் குளுரு படாம வெச்சிருக்கச் சொல்லு” என்றார்.

சேதி கேட்டு ராவுத்தர் மலையேறி வந்தார். மேல்மனு போடலாம், நான் வந்து சாட்சி சொல்கிறேன், சேதி வந்த நாளைத்தான் செத்த நாள் என்று தெரியாமல் சொல்லிவிட்டோம் என்று எழுதிக்கொடுங்கள் என்றார். அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். “சத்தியம் பண்ணுன வாயிங்க. மாத்திச் சொன்னா நாங்க ஏழு பேரும் பொய்யனுங்கன்னு ஆயிருமுங்க.” ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப்போனார். அக்கா உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கொட்டகைக்குப் போய்த் தூணில் தொங்கிய காலண்டரைக் கழற்றி எடுத்துவந்தேன். வாத்தியார் இல்லை, கேட்க ஆள் இல்லை. வீட்டில் தானியக் குதிருக்குப் பின்னால் மாட்டினேன். கிழமையை வைத்துக் கணக்குப் பார்த்து, போன நாட்களையெல்லாம் கிழித்தேன். அதன்பிறகு ஒரு நாளும் தவறவிடவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். கிழிக்காமல் முகம்கூடக் கழுவமாட்டேன். “இந்தப் புள்ளைக்குக் கீழ்நாட்டுப் பேய் புடிச்சிருச்சு” என்று அம்மா புலம்பினாள். மழை பெய்ததா, பசு ஈன்றதா, குழந்தை குப்புற விழுந்ததா, எல்லாவற்றையும் அந்தந்தத் தாளின் பின்னால் கரியால் கிறுக்கி வைத்தேன். மாமா வந்து கேட்டால் சொல்லவேண்டுமே என்று நினைத்துத்தான் செய்தேன்.

குழந்தை பங்குனியில் சிரித்தது. சித்திரையில் குப்புற விழுந்தது. ஆனி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. மலையில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வேப்பெண்ணெய் தடவினார்கள், கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தார்கள், ராவுத்தர் கொய்னா மாத்திரை கொடுத்தனுப்பினார். அவ்வளவு சின்ன வாய்க்குள் அதைக் கரைத்து ஊற்றினால் பாதி வெளியே வந்துவிடும். ஆனி இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில், அக்கா மடியிலேயே அடங்கிவிட்டது.

அடுத்த நாட்களில் அக்கா பின்பக்கம் போய்ப் பலாமரத்து வேரில் பாலைப் பீச்சிவிட்டு வருவாள். நான் பார்க்காததுபோல் இருப்பேன். அந்த வாடை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மரத்திலிருந்து விழுந்து வெடித்த பலாப்பழத்தின் வாடையோடு சேர்ந்து வரும். நான் இன்றுவரை பலாப்பழம் சாப்பிடுவதில்லை, கேட்கிறவர்களிடம் வாயு என்று சொல்லிவிடுவேன்.

ஜெயிலுக்குச் சேதி சொல்லவேண்டும் என்று அம்மா சொன்னாள். அப்பா வேண்டாம் என்றார். இந்த முறை அவர் குரலில் கவுண்டர் இல்லை.

“அவனுக்கு இன்னும் புள்ளை உசுரோட இருக்குது. கூண்டுக்குள்ள கெடக்கறவனுக்கு அதையும் எதுக்குப் புடுங்கோணும்? வரட்டும். அவன் காதுல உழுகற அன்னிக்குத்தான் அவனுக்குச் சாவு. அதுவரைக்கும் இருக்கட்டும்.”

கொடுமை என்னவென்றால் அதில் அன்பு இருந்தது. அக்காவும் தலையாட்டினாள். “அவரு வந்தப்பறம் நானே சொல்றனுங்க. ஆரும் முந்திக்காதீங்க” என்றாள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.

ஆவணி முடிவில் ஆறு மாதம் தீர்ந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாதை மேலேறி முடிகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. மூன்று நாள் காலையிலிருந்து பொழுது போகும்வரை அங்கேயே கிடந்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. சொல்வதற்காக இல்லை. சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் போனேன்.

மூன்றாம் நாள் பகலில் மாமா ஏறிவந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தோளில் துண்டு முடிச்சு. என்னைப் பார்த்ததும் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. மூச்சு வாங்குவதற்குள் கேட்டார்.

“பையன் தவழறானா கண்ணு? எட்டு மாசம் ஆச்சுல்ல?”

அவர் துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு மரக் கிலுகிலுப்பை, சிவப்புச் சாயம். அதை என் காதோரத்தில் ஆட்டிக் காட்டினார். உள்ளே கிடந்த கற்கள் கலகலத்தன. “இதைப் பாத்தா எட்டி வந்து புடுங்குவானா, பயந்துக்குவானா?” என்றார்.

சொல்லாமல் வீட்டுவரை கூட்டிப்போயிருக்கலாம். அரை நாழிகை நடை. அந்த அரை நாழிகையும் அவருக்குப் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும். அப்பா கணக்குப்படி அது நியாயம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அவர் பக்கத்தில் நடக்க என்னால் முடியவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“இல்லீங்க மாமா. காய்ச்சல்ல போயிருச்சுங்க.”

அவர் கிலுகிலுப்பையை ஆட்டுவதை நிறுத்தினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. அடிப்பார் என்றும் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்போ?”

அப்பாவாக இருந்தால் சொல்லியிருக்கும் பதில் எனக்குத் தெரியும். இன்றைக்குத்தான், இப்போது கேட்டீர்களே, இதுதான் நாள் என்று சொல்லவேண்டும். எங்கள் மலையில் அது பொய் இல்லை.

“ஆனி மாசம், ரெண்டாம் செவ்வாக்கெழமைங்க. பொழுது சாயற நேரம்” என்றேன்.

மாமா பாறையில் உட்கார்ந்தார். விரலை மடக்கி எண்ணினார். ஒரு கையை முடித்து, மறு கையில் பாதி வரை வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஜெயிலில் அவருக்கும் கிழமை தேதி எல்லாம் பழகியிருந்தது. எண்ணி முடித்ததும் கை அப்படியே மடியில் நின்றது.

“அன்னிக்குப் புது ராசாவுக்குப் பொறந்த நாளு கண்ணு” என்றார். “செயில்ல எல்லாத்துக்கும் பாயசம் ஊத்துனாங்க. நான் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்.”